திரும்பும் வழியை முதலில் பாருங்கள்: யாழ்ப்பாணத்தில் நண்பர்களோடு முதல் றொக் நிகழ்ச்சிக்குப் போகிறவர்களுக்கு

மேடை, வெளிச்சம், கிற்றார் எல்லாம் பிறகு. இரவு பதினொன்றரைக்கு கோட்டையடி முற்றவெளி மைதானத்தில் இருந்து மானிப்பாய்க்கோ கொடிகாமத்துக்கோ பருத்தித்துறைக்கோ எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் முதற்கேள்வி. ஊர்ப்பக்கம் ஓடும் மினிபஸ்ஸும் இ.போ.ச. பஸ்ஸும் இருட்டியதும் குறைந்துவிடும். நிகழ்ச்சி முடிகிற நேரம் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸைப் பார்க்கலாம், உள்ளூர் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓட்டோ தேடுகிறவர்கள் ஆயிரம் பேரோடு சேர்ந்துதான் தேட வேண்டும். அந்த நேரத்தில் பிக்மீ செயலியில் கேட்டாலும் வாகனம் உடனே கிடைக்காது, கேட்கிற காசும் பகலில் கேட்கிற காசாக இராது.

ஆகவே ரிக்கெற் எடுக்க முன்னரே வாகனத்தை முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் போவது என்பதையும் வாகனம்தான் தீர்மானிக்கும். மோட்டார் சைக்கிளில் இருவர், இருவருக்கும் ஹெல்மெற். ஓட்டோவில் சட்டப்படி மூன்று பயணிகள். அதனால் இரண்டு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர், அல்லது ஓட்டோவில் மூன்று பேர், ஆறு பேர் என்று போவது சுலபம். ஐந்து பேர் சேர்ந்தால் யாரோ ஒருவர் கடைசியில் தொங்கலில் நிற்பார், பெரும்பாலும் மிகத் தூரத்து ஊர்க்காரர்தான் அது. எட்டுப் பேருக்கு மேல் என்றால் வான் பிடித்துக் காசைப் பிரிப்பது மலிவு.

ஓட்டோ என்றால் உங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கும் தெரிந்த அண்ணையிடமே போக, வர இரண்டுக்கும் பேசிவிடுங்கள். ஏற்ற வேண்டிய இடத்தையும் அப்போதே சொல்லுங்கள். “வாசலுக்கு வாங்கோ” என்று சொல்லவே கூடாது. வாசலுக்கு ஓட்டோ வரமுடியாது, வந்தாலும் திரும்ப முடியாது. காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதிப் பக்கம் போகிறவர்கள் மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டி வேம்படிப் பக்கம் நடந்துவிடுங்கள். தீவகப் பக்கம் போகிறவர்களுக்குப் பண்ணைப் பக்கம் வசதி. பத்து நிமிட நடை முக்கால் மணி நேர நெரிசலை மிச்சப்படுத்தும். நயினாதீவு, நெடுந்தீவுக்காரர் அன்றிரவு நகரில் தங்குவதைத் தவிர வழியில்லை. குறிகட்டுவான் படகுகள் மாலையோடு நின்றுவிடும்.

ஓட்டுகிறவர் குடிப்பதில்லை. “ஒரு பியர்தானே” என்ற பேச்சும் இல்லை. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் பின் சீற்றில் வரட்டும்.

வீட்டில் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. “பிரெண்ட்ஸோட போறன், வர லேட்டாகும்” என்றால் அம்மாவுக்கு நித்திரை வராது, உங்களுக்குப் பதினைந்து மிஸ்ட் கோல் வரும். யார் யார் போவது, எந்த வாகனம், எத்தனை மணிக்குள் வருவது, உங்கள் போன் செத்தால் எடுக்க இன்னொருவரின் நம்பர். இந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். பெண்பிள்ளைகள் போகும் வீடுகளில் முதலில் எழும்புகிற கேள்விகளும் இவைதான். பதில் தயாராக இருந்தால் அனுமதிப் பேச்சு பாதியாகக் குறையும்.

எதற்கு முதலில் போவது

முழுக்க முழுக்க றொக் நிகழ்ச்சி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி நடப்பதில்லை. கொழும்பின் ஸ்ரிக்மாற்றா, கண்டியின் பரனொயிட் ஏர்த்லிங் போன்ற குழுக்களைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தெற்கே போக வேண்டும். இங்கே கிடைப்பவை மூன்று வகை. மூன்றிலும் டிரம்ஸும் பேஸ் கிற்றாரும் நெஞ்சில் இடிக்கும்.

முதலாவது, கோயில் திருவிழா இசைக்குழு நிகழ்ச்சி. புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. காசில்லை, தெரிந்த ஊர், பாய் விரித்து இருக்கலாம், பிடிக்கவில்லை என்றால் கச்சானைக் கொறித்துக்கொண்டு எழும்பி வரலாம். பூசை முடிந்து பிந்தித்தான் தொடங்கும். பாடல்கள் சினிமாப் பாட்டுகளாக இருந்தாலும், மேடைக்குப் பக்கத்தில் போய் டிரம்ஸ்காரரின் கால் எப்போது விழுகிறது, பேஸ் அதோடு எப்படி ஒட்டுகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தால் பிறகு எந்த றொக் குழுவைக் கேட்டாலும் பிடிபடும். கோயில் வீதி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு ரீசேர்ட் அங்கே வேண்டாம், மதுவும் மாமிசமும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது, மண்டபம். வீரசிங்கம் மண்டபமும், 2025 இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்ட கலாசார மையமும் நூலகத்தை அண்டியே இருக்கின்றன. கலாசார மைய அரங்கில் 600 பேர் இருக்கலாம். கதிரை, கூரை, கழிவறை எல்லாம் உண்டு. கூட்டம் பழகாத நண்பரை முதலில் இங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது, முற்றவெளி. 2023 ஒக்ரோபரில் சந்தோஷ் நாராயணனின் இலவச நிகழ்ச்சியும் 2024 பெப்ரவரியில் ஹரிஹரன் நிகழ்ச்சியும் இங்கேதான் நடந்தன. பரந்த வெளி, ஒரு பக்கம் கோட்டை, அப்பால் கடல்நீரேரி. கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த வெளிக்குத்தான்.

ரிக்கெற்

ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கட்டும். காசு வந்த பிறகுதான் எடுக்கட்டும். “பிறகு தாறன்” என்பவரால் நட்பு கெட்ட கதைகள் ஊரில் போதுமான அளவு உண்டு. கியூஆர் ரிக்கெற் என்றால் முதலில் ஸ்கான் ஆவதுதான் உள்ளே போகும், இரண்டாவது முறை அதே குறியைக் காட்டினால் வாசலில் நிறுத்துவார்கள். ஆகவே ரிக்கெற் படத்தை ஸ்ரேற்றஸில் போட்டுப் பெருமைப்பட வேண்டாம். ஆளுக்கொன்றாக அனுப்பி, ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வாசலில் டேற்றா வேலை செய்யாது. போனின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டிப் பிடியுங்கள், ஸ்கான் ஆகாததற்குப் பாதிக் காரணம் மங்கிய திரைதான். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

சுவரொட்டியில் 6 மணி என்றிருந்தால் விளக்கேற்றி, விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, பேச்சும் முடிய எட்டாகலாம். அதற்காக எட்டுக்குப் போனால் வாகனம் நிறுத்த இடம் இராது. ஆறரைக்குப் போய் இடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கும் முன்னரே வந்தால் கோட்டைச் சுவரிலோ பண்ணைக் கரையிலோ சூரியன் விழுவதைப் பார்க்கலாம்.

உடம்பில் என்ன, பையில் என்ன

சப்பாத்து போடுங்கள். செருப்பு வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் உங்கள் செருப்பின் குதியை மிதித்தால் அது கழன்றுவிடும், அதை எடுக்கக் குனிவதுதான் அந்த இடத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான வேலை. லேஸை இரட்டை முடிச்சாகக் கட்டுங்கள். மெல்லிய பருத்தி ரீசேர்ட், நீளக் காற்சட்டை. சங்கிலி, காப்பு, நீண்ட தோடு வீட்டில் இருக்கட்டும். தலைமயிர் நீளமானவர்கள் கட்டிக்கொள்ளுங்கள்.

பை கொண்டுபோகாமல் விடுவதே சிறப்பு. போன், அடையாள அட்டை, ஐந்நூறும் நூறுமாகக் கொஞ்சம் சில்லறைத் தாள், வீட்டுத் திறப்பு, காதடைப்பான். இவை முன் பொக்கற்றில் அடங்கும். பின் பொக்கற்றில் எதுவும் வைக்காதீர்கள். ஹெல்மெற்றை உள்ளே தூக்கிக்கொண்டு திரிய முடியாது, வண்டியின் பூட்டுக் கொக்கியில் மாட்டுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் தரும் துண்டைப் போன் உறைக்குள் செருகி, நிறுத்திய இடத்தை ஒரு படமும் எடுங்கள். இரவில் முந்நூறு கறுப்புப் பல்சருக்குள் உங்களுடையதைத் தேடுவது பெரும்பாடு.

சாப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு முன் முடியட்டும். கொத்துரொட்டியை நிகழ்ச்சிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய உறைப்பும் எண்ணெயும் போட்டுவிட்டு நெரிசலில் துள்ளினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் மணிக்கு அரை லீற்றர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக. வெக்கையான மாதங்களில் வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு ஜீவனிப் பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து நான்கு பேரும் குடியுங்கள். தும்பு முட்டாஸ் வாங்குவதென்றால் முன்னேரத்தில் வாங்கிச் சாப்பிட்டு முடியுங்கள், கூட்டத்துக்குள் அது பக்கத்தில் நிற்பவரின் தலையில்தான் ஒட்டும்.

காது

இதைத்தான் புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் காது எட்டு மணி நேரம் தாங்கும் என்பது வேலைத்தல நல அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 இல் நான்கு மணி, 91 இல் இரண்டு மணி, 94 இல் ஒரு மணி, 97 இல் அரை மணி, 100 இல் கால் மணி. றொக் மேடையின் முன்வரிசையில் 100 ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது முதல் மூன்று, நான்கு பாட்டிலேயே அன்றைய பங்கு முடிந்துவிடும். கைநீட்டும் தூரத்தில் நிற்கும் நண்பரோடு கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85 ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நுரையாலான காதடைப்பான் பாதுகாப்புச் சாமான் விற்கும் ஹார்ட்வெயார் கடைகளிலும் சில பாமசிகளிலும் கிடைக்கும். விலை ஒரு கொத்துரொட்டிக்கு வராது. ஆனால் சரியாகப் போட வேண்டும். பலர் அதைத் துவாரத்தின் வாயில் ஒட்டிவிட்டு “வேலை செய்யேல்லை” என்பார்கள். முதலில் கையைத் துடையுங்கள். விரலிடையில் உருட்டி, மடிப்பில்லாத மெல்லிய திரியாக்குங்கள். வலக்காதுக்குப் போடும்போது இடக்கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் காதுமடலின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போதுதான் வளைந்த காதுக்குழாய் நேராகும். திரியை உள்ளே செலுத்தி, அது ஊதி நிறையும்வரை 30 செக்கனாவது விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் சொந்தக் குரல் தலைக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். வெளியே பாதி துருத்திக்கொண்டு நின்றால் கழற்றி மறுபடி போடுங்கள். பஞ்சு அடைப்பதால் பெரிய பயனில்லை.

நுரை மேல்சுரங்களைக் கூடுதலாக விழுங்குவதால் பாட்டு மங்கலாகக் கேட்கும். அடிக்கடி போகத் தொடங்கினால் இசைக்காரர்களுக்கென்றே வரும் சிலிக்கன் வகையை வாங்கலாம், எல்லாச் சுரத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். மறுநாள் மாலைக்குப் பிறகும் காதில் இரைச்சல் நின்றால், அல்லது ஒரு காது மட்டும் அடைத்தமாதிரி இருந்தால், தாமதிக்காமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கே நிற்பது

மேடைக்குக் கிட்ட நின்றால்தான் நன்றாகக் கேட்கும் என்பது தவறு. மேடையின் இரு ஓரமும் நிலத்தில் அடுக்கியிருக்கும் பெரிய பெட்டிகள் அடிச்சுரத்துக்கானவை. குரலும் கிற்றாரும் வரும் பெட்டிகள் உயரத்தில் தொங்கும், அவற்றின் சத்தம் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலால் போகும். அதனால் முன் மூலையில் நிற்பவருக்கு வயிற்றில் இடி மட்டும் கிடைக்கும், பாடகர் என்ன சொல்கிறார் என்பது விளங்காது.

வெளியின் நடுவில், மேடைக்கு நேரெதிரே ஒரு சின்னக் கொட்டிலில் ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர்காரர் நிற்பார். அவர் தன் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். ஆகவே அந்தக் கொட்டிலுக்குச் சற்று முன்னாலோ அதன் வேலி ஓரத்திலோ நிற்பதுதான் மைதானத்திலேயே நல்ல இடம். வேலி இருப்பதால் ஒரு பக்கத்துத் தள்ளலும் குறையும். குழுவில் சின்னவர்களோ கூட்டத்துக்குப் பயந்தவர்களோ இருந்தால் யோசிக்காமல் இங்கேயே நில்லுங்கள்.

காற்றையும் பாருங்கள். முற்றவெளி திறந்த வெளி. வைகாசியில் இருந்து புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கில் இருந்து பலமாக வீசும், மாரியில் வாடை வடகிழக்கில் இருந்து வரும். உங்கள் பக்கத்தில் இருந்து மேடையை நோக்கிக் காற்று அடித்தால் சத்தம் மேலே வளைந்து போய்விடும், பின்னால் நிற்பவருக்குக் குரல் வந்து வந்து மறையும். அப்படியான நாளில் இருபது முப்பது மீற்றர் முன்னே போங்கள். மேடையில் கட்டிய பதாகை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். நூறு மீற்றருக்கு அப்பால் நின்றால் டிரம்ஸ்காரரின் கை விழுந்து கிட்டத்தட்ட 0.3 செக்கனுக்குப் பிறகுதான் சத்தம் வரும். திரையில் வாய் பொருந்தவில்லை என்று ஒலிக்காரரைத் திட்டாதீர்கள்.

நெரிசல்

2024 பெப்ரவரி 9 அன்று முற்றவெளியில் நடந்த அந்த ஹரிஹரன் நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புவேலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னே புகுந்ததில் நிகழ்ச்சி இடையில் நின்றது. ஒவ்வொருவரும் ஒரு அடி முன்னே வைத்தால் போதும், அதற்குமேல் தள்ளு தானாக நடக்கும். எவரும் வேண்டுமென்று தள்ளத் தேவையில்லை.

ஒரு சதுர மீற்றரில் நான்கு பேர் என்றால் நெருக்கம்தான், ஆனாலும் திரும்பலாம். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. எண்ணிக்கொண்டு நிற்க முடியாது என்பதால் இப்படிப் பாருங்கள். இரண்டு கையையும் தூக்கி முகத்தைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் உடனே வெளியேறும் நேரம். நான்கு பக்கமும் அந்நியர் தோள் ஒரேநேரம் முட்டினாலும், நீங்கள் நடக்காமலே நகர்ந்தாலும் அதே பொருள்தான்.

வெளியேறும் முறை: கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து, மூச்சு எடுக்க இடம் விடுங்கள். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னுமாக வையுங்கள். தள்ளல் அலை வரும்போது எதிர்க்காமல் அதோடு போங்கள். அலை ஓய்ந்த இடைவெளியில் பக்கவாட்டில், சற்றுப் பின்னோக்கிக் குறுக்காக இரண்டு மூன்று அடி நகருங்கள். மீண்டும் அலை, மீண்டும் இடைவெளி. நேர் பின்னால் போக முயன்றால் வருகிற கூட்டத்தோடு மோத வேண்டிவரும். போன் விழுந்தால் விழட்டும், குனிய வேண்டாம். ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் கையை விரித்து இடம் விட்டு, இரண்டு பக்கமும் கக்கத்தில் பிடித்துத் தூக்குங்கள். முன்னால் வட்டம் போட்டு ஆடுகிற மொஷ் பிற்றிலும் இதே சட்டம்: விழுந்தவரைத் தூக்கிய பிறகுதான் ஆட்டம், வட்டத்துக்கு வெளியே நிற்பவரை இழுப்பதில்லை, முழங்கையைத் தோளுக்கு மேல் உயர்த்துவதில்லை.

லைற் கட்டிய கம்பிக் கோபுரம், கொட்டில் கூரை, மரம் எதிலும் ஏறாதீர்கள். தமிழாராய்ச்சி மாநாட்டு நினைவுத்தூண்களின் மேடையில் ஏறி நின்று பார்ப்பதும் கூடவே கூடாது. அது 1974 இல் அந்த மாநாட்டில் இறந்தவர்களுக்கான இடம்.

மயங்கியவரைக் கூட்டத்துக்கு வெளியே கொண்டுவந்து மல்லாக்கப் படுக்க வைத்து, காலை உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இலவச அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. போதனா வைத்தியசாலை கிட்டத்தான். பெண்களிடம் யாராவது சேட்டை விட்டால் குழுவாக மிக்சர் கொட்டில் பக்கம் நகர்ந்து, அங்குள்ள ஒழுங்கமைப்பாளரிடம் ஆளைக் காட்டுங்கள். பிறகு முறைப்பாட்டுக்கு 1938 பெண்கள் உதவி இலக்கமும் உண்டு.

தொலைந்துபோனால்

ஆயிரக்கணக்கானோரின் போன்கள் ஒரே சிக்னல் கோபுரத்தில் தொங்கும்போது வட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும். சாதாரண எஸ்எம்எஸ் பல நேரம் போய்ச் சேரும். அதையும் நம்பாமல், உள்ளே நுழைய முன் இரண்டு இடம் பேசுங்கள். உள்ளே, மிக்சர் கொட்டிலின் வலப்பக்கம். வெளியே, நூலக வாசலில் சரஸ்வதி சிலை தெரிகிற இடம், அல்லது மணிக்கூட்டுக் கோபுரம். பாட்டு முடிந்து பதினைந்து நிமிடத்துக்குள் எல்லோரும் வெளி இடத்தில் நிற்க வேண்டும். தேடி யாரும் திரும்பி உள்ளே போகக்கூடாது. ஒருவரைத் தேட இன்னொருவர் போய், அவரைத் தேட மூன்றாமவர் போனால் ஓட்டோ அண்ணை வேறு சவாரிக்குப் போய்விடுவார்.

போனை ஏறோபிளேன் மோட்டில் வைத்தால் பற்றரி மிஞ்சும். இரண்டு பாட்டு எடுத்தால் போதும். முன்வரிசையில் எடுக்கும் வீடியோவில் சத்தம் கிழிந்துதான் பதியும், மிக்சர் அருகில் நின்று எடுத்ததே பிறகு கேட்கக்கூடியதாக இருக்கும்.

மழை

ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி நிகழ்ச்சிக்குக் குடையை நம்ப வேண்டாம். பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தும். மெல்லிய பொலித்தீன் மழைக்கோட் போதும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைவென்றால் மைதானத்தை விட்டு நூலகப் பக்கக் கட்டடங்களுக்கோ கதவு பூட்டிய வாகனத்துக்கோ போங்கள். மரத்தடி, கம்பிக் கோபுரம், தகரப் பந்தல் மூன்றும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள்.

கொழும்புக்குப் போய்ப் பார்ப்பதென்றால்

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முதல்நாள் இரவு 87 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு. புதியவர்கள் பிழைவிடுவது திரும்பும்போதுதான். வெள்ளவத்தையில் இருந்து புறப்படும் இரவு பஸ்கள் பெரும்பாலும் நிகழ்ச்சி முடிய முன்னரே போய்விடும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடைசி நான்கு பாட்டை விட்டு ஓடுகிறவர்கள் போன காசில் பாதியை வீணாக்குகிறார்கள், ஏனென்றால் எந்தக் குழுவும் தன் நல்ல பாட்டுகளைக் கடைசிக்குத்தான் வைத்திருக்கும். சொந்தக்காரர் வீடோ வெள்ளவத்தையில் ஒரு அறையோ பார்த்து, காலையில் யாழ்தேவியில் வாருங்கள். ரயில் சீற்றை நிகழ்ச்சி ரிக்கெற் எடுக்கும் அதே நாளில் பதிவு செய்துவிடுங்கள். நீண்ட வார இறுதி, நல்லூர்த் திருவிழாக் காலத்து 25 நாட்கள், பொங்கல், புத்தாண்டு என்றால் சீற் கிடைப்பதைப் பார்த்த பிறகே நிகழ்ச்சி ரிக்கெற் எடுங்கள்.